சாமந்தி மொட்டு விட இருட்டு வேண்டும்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் நர்சரியில் வாங்கிய சாமந்தித் தொட்டியில் இலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அத்தனை பூ. மாசி வரைக்கும் பூத்துவிட்டு ஓய்ந்துபோகும். சரி என்று வாடிய பூவையெல்லாம் கிள்ளிப் போட்டு, மண்புழு உரம் வைத்து, வெயில் காலம் முழுக்க இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவோம். செடியும் நன்றி காட்டுவது போலப் பச்சைப் பசேலென்று தழைக்கும், கிளை கிளையாக நீண்டு தொட்டிக்கு வெளியே சாயும், ஆனால் அடுத்த பொங்கல் வந்த பிறகும் அதில் ஒரு மொட்டு இருக்காது. சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறவர்களிடம் இந்தக் கதையை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கே இரண்டு வருஷம் இதுதான் நடந்தது.

யோசனை சொன்னவர்கள் எல்லாரும் உரத்தைத்தான் சொன்னார்கள். பொட்டாஷ் போடுங்கள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுங்கள், தேமோர் கரைசல் தெளியுங்கள், மீன் அமிலம் கொடுங்கள். இதெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன், தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் எந்தப் பூச்செடியும் இலையாகத்தான் வளரும். ஆனால் சாமந்தி பூக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி அந்தச் செடி எங்கே நிற்கிறது, அங்கே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது?

என் வீடு மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. பால்கனிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு எரிய ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் வெள்ளை வெளிச்சம், பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். மூன்றாவது வருஷம் ஒரே தாய்ச்செடியிலிருந்து இரண்டு துண்டு எடுத்து வேர் பிடிக்கவைத்து, ஒரே மண், ஒரே உரம், ஒரே அளவு தொட்டியில் வைத்தேன். ஆவணி பாதியில் ஒன்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், தெருவிளக்கு எட்டாத மூலையில் வைத்தேன். இன்னொன்று பால்கனியிலேயே இருந்தது. புரட்டாசி முடிவதற்குள் மாடியில் இருந்த செடியின் ஒவ்வொரு நுனியிலும் பட்டாணியைவிடச் சின்னதாக, சாம்பல் பச்சையில் மொட்டுகள் உட்கார்ந்திருந்தன. பால்கனிச் செடி அப்போதும் புது இலைதான் விட்டுக்கொண்டிருந்தது, கார்த்திகை வந்த பிறகும் அப்படியே.

சாமந்தி ஒரு குறும்பகல் செடி. பகல் நீளமாக இருக்கும் வரைக்கும் இலையும் தண்டுமாக வளரும், பகல் குறைந்து இரவு நீண்டால் வளர்ச்சியை நிறுத்தி நுனியைப் பூவாக மாற்றும். பெயர் என்னவோ குறும்பகல் என்று வந்துவிட்டது, உண்மையில் செடி அளப்பது இரவை. நடுவில் தடைபடாத இருட்டு எத்தனை மணி நேரம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

இதைக் கண்டுபிடித்த கதை புகையிலையில் ஆரம்பிக்கிறது. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் என்ற இருவரிடம் 'மேரிலேண்ட் மாமத்' என்று ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்கவே பூக்காது, ஆனால் பனிக்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பம், ஈரம், சத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எதுவும் ஒத்துவராமல், கடைசியில் 1918 கோடையில் செடிகளைப் பகல் முடிவதற்கு முன்பே இருட்டறைக்குள் தள்ளி, காலையில் தாமதமாக வெளியே எடுத்துப் பார்த்தார்கள். கோடையிலேயே பூத்தது. 1920-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான், செடிகள் பகலின் நீளத்தைப் பார்த்துப் பருவத்தை அறிகின்றன என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

பகலா இரவா என்ற கேள்விக்கு 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் பதில் கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி நம்மூர்த் தரிசு நிலங்களிலும் குளக்கரைகளிலும் கிடக்கிற மருளூமத்தை, வேட்டியில் ஒட்டிக்கொள்ளுமே அந்த முள்காய்ச் செடிதான், அதுவும் சாமந்தியின் சொந்தக்காரன், சூரியகாந்திக் குடும்பம். பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்குப் போட்டால் பூக்க மறுத்தது. ஆக, இருட்டு உடையக் கூடாது.

சாமந்திக்கு இந்த வரலாற்றில் தனியாக ஓர் இடம் உண்டு. 1930-களில் சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் சாமந்தியின் நுனிப்பக்க இலைகளை உருவிவிட்டு, கீழே மிச்சமிருந்த இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவும் மொட்டையான நுனிக்கு நீண்ட பகலும் கிடைக்கும்படி செய்தார். பூத்தது. மாற்றிச் செய்தபோது, அதாவது இலைக்கு நீண்ட பகல், நுனிக்கு நீண்ட இரவு, பூக்கவில்லை. இருட்டை அறிவது இலை, பூ வருவது நுனியில், அப்படியென்றால் இலையிலிருந்து ஏதோ ஒரு சேதி தண்டு வழியாக மேலே போகிறது என்று சொல்லி, அந்தச் சேதிக்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியாகத் தெரிவதற்கு இன்னும் எழுபது வருஷம் ஆனது. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சாமந்தி இனத்திலேயே இதற்கு நேர் எதிரான இன்னொரு புரதத்தைக் கண்டார்கள். நீண்ட பகலிலும், இரவின் நடுவே வெளிச்சம் பட்டாலும், இலை இதைத் தயாரித்து நுனிக்கு அனுப்பி, பூக்காதே என்று தடுக்கிறது. என் பால்கனிச் செடி உரம் போதாமல் சோர்ந்து கிடக்கவில்லை என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அதன் இலைகள் ராத்திரி தோறும் இந்தத் தடுப்புச் சேதியை அனுப்பிக்கொண்டே இருந்தன.

இலையில் இந்த வெளிச்சத்தைப் பிடிப்பது ஃபைட்டோகுரோம் என்ற நிறமி. சிவப்பு ஒளி, 660 நானோமீட்டர் பக்கத்தில், பட்டால் 'இது பகல்' என்று செடிக்குச் சொல்லும் வடிவத்துக்கு மாறும், 730 பக்கத்திலுள்ள தொலைசிவப்பு, அதாவது கண்ணுக்கு அரிதாகவே தெரிகிற சிவப்பின் கடைசி விளிம்பு, பட்டாலோ இருட்டில் நேரம் போனாலோ பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெள்ளை விளக்கிலும் சிவப்பு கலந்திருக்கிறது, அதனால் அதுவும் வேலையைக் காட்டும். நிலா வெளிச்சம் ஒன்றும் செய்யாது, பௌர்ணமியன்றுகூட அது அரை லக்ஸைத் தாண்டாது. பூ வராமல் தடுக்கப் பெரிய தோட்டங்களில் சுமார் 100 லக்ஸ் வெளிச்சம் கொடுப்பார்கள், ஆனால் அதில் ஒரு பங்கு வெளிச்சம் ராத்திரி முழுக்க விழுந்தாலே பல ரகங்கள் குழம்பிப்போகும். துணி எடுக்கப் போகும்போது இரண்டு நிமிஷம் மாடி விளக்கைப் போடுவதற்குப் பயப்பட வேண்டாம், ஓர் இரவு மறந்து விளக்கு எரிந்தாலும் செடி கெட்டுப்போகாது, கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மணிக்கணக்கில் தினமும் விழுகிற வெளிச்சம்தான் பிரச்சினை.

இப்போது சென்னையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் இருப்பது 13 டிகிரி வடக்கு. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம், டிசம்பரின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 22 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். தொட்டியில் விற்கிற சாமந்தி ரகங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காக உருவானவை, பகல் பதினான்கு மணி நேரத்துக்குக் கீழே இறங்கினாலே அவை மொட்டுக்குத் தயாராகிவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் சென்னையின் ஒவ்வொரு நாளும், ஜூன் 21 உட்பட, அவற்றுக்குக் குறும்பகல்தான்! ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கோடையில் கறுப்புத் துணி போட்டு மூடித்தான் பூக்கவைக்க வேண்டும், இங்கே இயற்கையே அந்த இருட்டைத் தருகிறது. நாம்தான் விளக்கைப் போட்டு அதை எடுத்துவிடுகிறோம்.

இதே காரணத்தால் நம் பக்கத்து விவசாயிகளுக்கு நேர் எதிரான சிக்கல். கன்று நட்ட உடனே மொட்டு விட்டால் சாண் உயரச் செடியில் நாலு பூதான் கிடைக்கும், செடி முதலில் உயர்ந்து கிளைக்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ராத்திரி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம், வயல் நடுவே கம்பு நட்டு வரிசை வரிசையாகப் பல்பு கட்டி எரியும், கல்யாண வீடு மாதிரி இருக்கும். நட்ட முதல் சில வாரங்கள் அப்படி வெளிச்சம் கொடுத்து, செடி வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள், அணைத்த நாளிலிருந்து நாள் எண்ணினால் பூ எந்த வாரம் சந்தைக்கு வரும் என்று தெரியும். ஜப்பானில் ஐச்சி மாகாணத்தின் தஹாரா பகுதி இந்த விளக்குச் சாமந்திக்கே பேர்போனது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கோயம்பேட்டில் சாமந்தி விலை எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு வாரத்தைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை பல்பும்.

நாள் எண்ணுவதை வீட்டிலும் செய்யலாம். தடையில்லாத இருட்டு ஆரம்பித்த நாளிலிருந்து பூ விரிய, ரகத்தைப் பொறுத்து, ஆறிலிருந்து பதினைந்து வாரம் வரை ஆகும், தொட்டி ரகங்கள் பெரும்பாலும் எட்டு முதல் பத்து வாரம். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்திலேயே செடி இருட்டான இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த மாதத்தில் சென்னையில் சூரியன் ஐந்தே முக்காலுக்குள் மறைந்து ஆறு மணிக்கு மேல் உதிப்பதால், துணிகூடப் போர்த்த வேண்டியதில்லை, விளக்கு விழாத இடம் இருந்தால் போதும். மாடியில் அப்படி ஓர் இடமே இல்லை என்பவர்கள் சாயங்காலம் ஆறரைக்கு மேல் அட்டைப்பெட்டி கவிழ்த்து காலையில் எடுக்கலாம், ஆனால் நாலு ஐந்து மணி வெயிலிலேயே மூடிவிடக் கூடாது, உள்ளே புழுங்கி இலை வெந்துபோகும். எட்டு வாரமும் மூட வேண்டியதில்லை. மொட்டு நன்றாகத் திரண்டு நிறம் காட்டிவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், பால்கனியில் விளக்குக்குக் கீழேகூட.

வெளிச்சத்துக்கு அடுத்தபடி வெப்பம். சாமந்திக்குப் பிடித்த இரவு 16, 18 டிகிரி. சென்னையில் வைகாசி, ஆனி இரவுகள் 28-க்குக் கீழே இறங்கவே யோசிக்கும், அந்த வெக்கையில் இருட்டு எவ்வளவு இருந்தாலும் மொட்டு வருவது தள்ளிப்போகும், வந்த மொட்டும் ஒழுங்காக விரியாது. அதனால் கோடையில் பூவை எதிர்பார்க்காமல் செடியைக் காப்பாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிறத்திலும் வெப்பம் கை வைக்கும். இளஞ்சிவப்பு, ஊதா, கருஞ்சிவப்பு எல்லாம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, வெக்கையில் செடி அதைக் குறைவாகத்தான் தயாரிக்கும், பெங்களூரில் ரத்தச் சிவப்பாகப் பூத்த அதே ரகம் இங்கே வெளுத்துப்போய்ப் பூக்கும். மஞ்சள் கரோட்டினாய்டு என்ற வேறு நிறமி, அது இவ்வளவு அசைந்து கொடுக்காது. சென்னைக்காரர்கள் முதல் தடவை வைப்பதென்றால் மஞ்சளோ வெள்ளையோ வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வாங்குகிற தொட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வருஷம் செடி 'ஓங்கிப்போய் அசிங்கமாகிவிட்டது' என்று நிறையப் பேர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். ஓர் உருண்டைப் பந்து போல நிற்கிற அந்தத் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரு செடி இல்லை. நான்கைந்து துண்டுகளை ஒரே தொட்டியில் நெருக்கி நட்டு, நுனி கிள்ளி, அதற்கு மேல் தண்டு நீளாமல் இருக்க டாமினோசைடு போன்ற வளர்ச்சி ஒடுக்கி மருந்தும் தெளித்திருப்பார்கள். மருந்தின் வேகம் சில மாதங்களில் தீர்ந்ததும் செடி தன் இயல்பான உயரத்துக்குப் போகிறது, அதில் வளர்த்தவர் குற்றம் எதுவும் இல்லை. பூ முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, வேரை மெதுவாகப் பிரித்து, தனித்தனித் தொட்டியில் வைத்துவிட்டால் அவற்றில் இரண்டு மூன்றாவது பிழைக்கும். பிரிக்காமல் விட்டால் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் காற்றுப் போகாமல், முதல் மழையில் அடியிலைகள் கறுத்து உதிரும்.

குளிர்நாடுகளில் சாமந்தியின் மேல்பாகம் பனியில் கருகி, வசந்தத்தில் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். சென்னையில் அந்த உறக்கம் கிடையாது. வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கிற சின்னப் புதர் இங்கே, இரண்டு வருஷத்தில் அடித்தண்டு மரம்போல இறுகிவிடும், கீழே மொட்டையாகி நுனியில் மட்டும் இலை இருக்கும். பழைய செடியையே வைத்துக்கொண்டு பூவை எதிர்பார்ப்பதைவிட, வருஷா வருஷம் புதுக் கன்று எடுப்பது மேல். அடியில் வேரோடு கிளம்பும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடலாம், அல்லது நுனித்துண்டு எடுக்கலாம். மொட்டு வைக்காத இளம் நுனியில் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நறுக்கி, அடியிலைகளை உருவிவிட்டு, ஈரமான தென்னைநார்க் கழிவிலோ ஆற்று மணலிலோ செருகி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். விதை போட்டு வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு, இது செண்டுமல்லி இல்லை. நாம் வளர்க்கிற சாமந்தி பலதடவை கலந்து கலந்து வந்த கலப்பினம், பெரும்பாலானவற்றில் குரோமோசோம்கள் ஆறு தொகுதியாக இருக்கும், விதையில் வருவது தாயைப் போல இருக்காது. சந்தையில் ஒரே மாதிரி இருக்கிற ஒரு ரகத்தின் லட்சம் செடிகளும் ஏதோ ஒரு செடியிலிருந்து வெட்டி வெட்டி எடுத்தவைதான்.

பெயர் பற்றி ஒரு குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் சாமந்தி என்கிறோம், தெற்கே செவ்வந்தி என்றும் சொல்வார்கள், திருச்சி மலைக்கோட்டை தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே ஒரு பெயர் இருக்கிறது. லின்னேயஸ் 1753-ல் இதன் காட்டு உறவு ஒன்றுக்கு 'இண்டிகம்' என்று பெயர் சூட்டியதால் இந்தியச் செடி என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பூர்வீகம் கிழக்கு ஆசியா, தோட்டப்பூவாக முதலில் வளர்த்தவர்கள் சீனர்கள். கிரிசாந்திமம் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொன்பூ என்று அர்த்தம். நடுவில் சில காலம் தாவரவியலாளர்கள் இதை டெண்ட்ராந்திமா என்று வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள், 1999-ல் பழைய பெயரே திரும்பி வந்தது. அதனால்தான் நம்மூர் வேளாண் புத்தகங்களில் இரண்டு பெயரும் கிடக்கின்றன, இரண்டும் ஒரே செடிதான். அப்புறம், கொசுவிரட்டிச் சுருளுக்கு மூலமான பைரித்ரம் சாமந்தியின் உறவுக்காரச் செடியே தவிர நம் மாலைச் சாமந்தி அல்ல, பால்கனியில் இதை வைத்தால் கொசு வராது என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

மாலை என்றதும், ஒரு சாமந்தியைப் பிய்த்துப் பாருங்கள், நாம் இதழ் என்று சொல்கிற ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. அடியில் சின்னச் சூலகத்தோடு இருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தின் அடையாளமே இதுதான், வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டிலும் கரிசலாங்கண்ணியிலும் இதே அமைப்பு. இந்தக் கூட்டம் வெளிவட்டத்திலிருந்து உள்ளே விரிந்துகொண்டு போவதால்தான் சாமந்தி இத்தனை நாள் வாடாமல் இருப்பது போலத் தெரிகிறது. மல்லி ஒரே இரவில் விரிந்து முடிந்துவிடும், இது வாரக்கணக்கில் விரியும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா, மதுரையிலிருந்து வந்த எம்.டி.யு 1 மஞ்சள் எல்லாம் மாலைக்கான உதிரிப்பூ ரகங்கள், தொட்டி ரகங்களைவிட உயரமாகப் போகும், ஆனால் நம் சூட்டைத் தாங்குவதில் இவைதான் கெட்டி. வயலில் ஜூன், ஜூலையில் 30-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, நாலு வாரத்தில் நுனி கிள்ளுகிறார்கள். முதல் பயிர் முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிட்டு மறுதாம்பு விட்டால், அதாவது அதே வேரிலிருந்து மறுபடி துளிர்க்க விட்டால், முதல் பயிரில் ஹெக்டேருக்கு 20 டன் என்றால் மறுதாம்பில் பாதி வரும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. நான் இந்த முறையையே தொட்டிக்குச் சுருக்கிக்கொண்டேன். ஆடியில் கன்று, ஆவணியில் இரண்டு தடவை நுனி கிள்ளல், புரட்டாசிக்கு மேல் கிள்ளவே கூடாது, அதற்குப் பிறகு கிள்ளினால் பறிபோவது மொட்டு. கிள்ளுவதற்கு நிறையப் பேருக்கு மனசு வராது, எனக்கும் முதலில் கை நடுங்கியது. ஒரு நுனியைக் கிள்ளினால் மூன்று நான்கு கிளை வரும், ஒவ்வொரு கிளை நுனியும் பூவாகும், அதனால் துணிந்து கிள்ளலாம்.

மண் விஷயத்தில் சாமந்தி கேட்பது தண்ணீர் நிற்காத, கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்த செம்மண், கார அமிலத்தன்மை 6 முதல் 7. செம்மண் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒன்று, நன்றாக மக்கிய உரம் ஒன்று, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு என்று கலக்கிறேன். நம் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இலை வெளுக்கும். மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதில்லை இது, இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் உரத்தைக் கூட்டாமல், பிடித்து வைத்த மழைத் தண்ணீரை நாலைந்து தடவை ஊற்றிப் பாருங்கள்.

மழைத் தண்ணீர் நல்லது, ஆனால் மழையில் நிற்பது சாமந்திக்கு ஆகாது. சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது, செடி மொட்டு திரட்டுவதும் அதே மாதங்களில்தான். இதுதான் நம் ஊரில் சாமந்தி வளர்ப்பதன் உண்மையான கஷ்டம், வெளிச்சத்தைவிடவும் இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மூன்று நாள் விடாமல் பெய்தால் தொட்டி ஊறி வேர் அழுகும், காலையில் தலை தொங்கி நிற்கும் செடியைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவோம், அத்தோடு முடிந்தது. ஒரு மழைக்காலத்தில் அப்படி ஐந்து தொட்டியை இழந்திருக்கிறேன். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், புயல் அறிவிப்பு வந்தால் தகரக் கொட்டகைக்குக் கீழேயோ மாடிப்படி முடிகிற இடத்திலோ நகர்த்துங்கள். அப்படி நகர்த்துகிற இடத்தில் ராத்திரி மாடிப்படி விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மழையிலிருந்து காப்பாற்றி வெளிச்சத்தில் மாட்டிவிட்ட கதை எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது, பொங்கலுக்கு வர வேண்டிய பூ மாசி மகத்துக்கு வந்தது.

பூச்சிகளில் கறுப்பு அசுவினிதான் முக்கியமான எதிரி, இளநுனியில் ஈ மொய்த்தது போல அடைந்திருக்கும், மொட்டு வருகிற நேரம் பார்த்து வரும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளித்தால் கட்டுப்படும். இலைப்பேன் வந்தால் இதழ் ஓரம் பழுப்பாகும், அதற்கும் இதே வைத்தியம்தான், ஆனால் சீக்கிரம் கவனிக்க வேண்டும்.

பால்கனிச் செடி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதைத் தூக்கிப் போடவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் மொட்டு விடாமல் வருஷம் முழுக்க இளம் நுனியாகவே விட்டுக்கொண்டிருக்கிறது, ஓசூர்க்காரர்கள் கரண்டுக்குக் காசு கொடுத்துச் செய்வதை எனக்கு அந்த விளக்கு சும்மா செய்து தருகிறது. இப்போது அதுதான் என் தாய்ச்செடி. ஆனி கடைசியில் அதிலிருந்து பத்துப் பதினைந்து துண்டு எடுப்பேன், பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை ஆவணியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வரிசையாக வைப்பேன். இந்த வருஷம் ஒன்பது தொட்டி, எல்லாம் மஞ்சள்.